பங்காளிகள் கையெழுத்து இல்லாமல் பந்தல்கால் ஊன்றாதீர்கள்

செட்டிநாட்டில் கல்யாண ஏற்பாட்டுத் தொழில் தொடங்கப்போவதாக யாராவது சொன்னால், மேடை அலங்காரம் பற்றியோ விளம்பரப் பக்கம் பற்றியோ நான் பேசுவதில்லை. "வீட்டுக்குப் பங்காளிகள் எத்தனை பேர்?" என்றுதான் கேட்கிறேன். கேள்வி புரியாமல் விழிக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதல் பெரிய கல்யாணத்தில் எனக்கு வர வேண்டிய கூலி 1,60,000 ரூபாய். அது முழுவதும் போய், அதற்கு மேல் கையிலிருந்தும் 1 லட்சம் போயிற்று. அடகு வைத்த வளையல்களை மீட்க அடுத்த வைகாசி ஆகிவிட்டது. அந்த நாட்களில் இரவில் தூக்கம் வராமல் கணக்குப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ கூட்டல் பிழையால்தான் பணம் குறைகிறது என்பது போல.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்டா, தேக்சா, ஜமுக்காளம் எல்லாம் வண்டியேறிப் போவதையும் நசுங்கித் திரும்பி வருவதையும் பார்த்து வளர்ந்தவள். சென்னையில் நிறுவனங்களுக்குக் கூட்டமும் விருந்தும் ஏற்பாடு செய்து தருகிற இடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். வந்து பார்த்தால் தொழிலுக்கு இங்கே இடம் இருந்தது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் சென்னை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பரவிவிட்டன. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்குத்தான் திறக்கிறார்கள். முன்பெல்லாம் ஊரில் இருக்கிற உறவே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும். இப்போது ஊரில் ஆள் இல்லை. இது ஒரு பக்கம் என்றால், நகரத்தார் அல்லாத வெளியூர்க் குடும்பங்களும் பர்மா தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கும் ஆசைப்பட்டு, அப்படி ஒரு வீட்டில் கல்யாணம் செய்ய வேண்டும் என்று தேடி வருகிறார்கள்.

பதிவு வேலைகளில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கணினி மையத்தில் 1,500 ரூபாய் கேட்டார்கள். ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரசு இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழைக் காட்டித் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கினேன். வீட்டுச் செலவுக் கணக்கும் தொழில் கணக்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கொடுத்த பூ முன்பணம் உங்கள் வீட்டுக் காஸ் சிலிண்டராக மாறியிருப்பது உங்களுக்கே தெரியாது. வளைகாப்பு, பிறந்தநாள், ஒரு கல்லூரி விழா என்று சின்னச் சின்ன வேலைகள் வந்தன. சின்ன லாபமும் நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தக் கல்யாணம் வந்தது.

பெண் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், பெற்றோர் சென்னையில். ஐப்பசியில் முகூர்த்தம். எல்லாம் சேர்த்து 16 லட்சம் மதிப்பீடு, அதில் பத்து சதவீதம் என் கூலி. 5 லட்சம் முன்பணம் தந்தார்கள், பாக்கியில் பெரும்பகுதி கல்யாணம் முடிந்ததும் என்று பேச்சு. கானாடுகாத்தானிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் வீடு பிடித்தேன். சாவி வைத்திருந்தவர் உள்ளூரிலேயே இருக்கிற பங்காளி. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு என்று எல்லாவற்றையும் பெருமையோடு சுற்றிக் காட்டினார். "மற்றவர்கள் எல்லாம் வெளியூர் ஆத்தா. இங்கே நான் சொன்னால் சொன்னதுதான்" என்றார். மூன்று நாளைக்கு 2 லட்சம் வாடகை. 1 லட்சம் கொடுத்து ரசீதும் வாங்கினேன். வீட்டுப் பெயரைப் போட்டு அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்த வீட்டில் எனக்கும் பங்கு இருக்கிறதம்மா. முன்னோருக்குப் படைப்பு போடுகிற வீட்டில் வரவேற்புக்குக் கோழி சமைக்கப்போகிறீர்களாமே, யாரைக் கேட்டு?" சாவிக்காரரைக் கேட்டால், "அவன் அப்படித்தான் பேசுவான், நீங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார். பந்தல்காரரோடு மறுநாள் போய் நின்றபோது பெரிய கதவில் பழைய பித்தளைப் பூட்டுக்குக் கீழே புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. கடையில் கட்டிக்கொடுத்த விலைச்சீட்டுகூட அதிலிருந்து கழற்றப்படவில்லை. சாவிக்காரர் தன் சாவியைப் போட்டுத் திறந்து காட்டிவிட்டு, "என் பூட்டைத் திறந்துவிட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். பந்தல்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு வீடு தேட ஆரம்பித்தேன்.

செட்டிநாட்டு வீடு எப்படிச் சொந்தமாகிறது என்று அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். வளவைச் சுற்றியிருக்கிற அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று பிரிந்திருக்கும். அந்தந்த அறைச் சாவி அந்தந்தக் குடும்பத்திடம். முகப்பு, வளவு, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பொது. மூன்று நான்கு தலைமுறை தாண்டும்போது பங்கு பன்னிரண்டில் ஒன்று, முப்பத்தாறில் ஒன்று என்று சிதறிப்போகும். சட்டப்படி கூட்டுச் சொத்தில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒவ்வொரு அங்குலத்திலும் உரிமை உண்டு. மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் ஒருவர் மட்டும் முழு வீட்டையும் உங்களுக்கு விட முடியாது. பட்டாவை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பல வீடுகளில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலோ அவருடைய அப்பா பெயரிலோதான் இருக்கும். அதிலிருந்து இன்றைய பங்காளிகள் யார் யார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. நான் இப்போது செய்வது வேறு. வீட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் போய், படைப்புக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்கிறேன். சரியான பங்காளிப் பட்டியல் அங்கேதான் கிடைக்கும். வீட்டு வரியும் மின்கட்டணமும் யார் கட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன். உள்ளூரில் இருக்கிறவர்களிடம் கையெழுத்து, வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் மின்னஞ்சல். எத்தனை நாள், எத்தனை பேர், அசைவம் உண்டா, எந்த அறைகள் திறக்கும், எவை பூட்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவிடுகிறேன். பங்காளி யாராவது மறுத்தால் முன்பணம் முழுவதையும் ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரியும் உண்டு. இதற்கு முகம் சுளிக்கிறவர் வீடு எனக்கு வேண்டாம்.

முகூர்த்த மாதத்தில் கடைசி நேரத்தில் வீடு கிடைப்பதே பெரிது. செப்பனிட்டு விழாக்களுக்கென்றே விடுகிற, ஒரே உரிமையாளர் கொண்ட வீடு ஒன்று கிடைத்தது. வாடகை 2,75,000. கூடுதல் 75,000-ஐ யார் கொடுப்பது? பெண்ணின் அப்பாவிடம் கேட்டேன். "வீடு பிடித்துத் தருவது உங்கள் வேலைதானே" என்றார். எங்கள் ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம், அதில் தொகைகள் மட்டும்தான் இருந்தன. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான், எனக்கு வயிறு எரிந்தது என்பது வேறு விஷயம். பழைய வீட்டு அளவுக்கு வெட்டி வைத்திருந்த பந்தல் துணியையும் மேடைச் சட்டத்தையும் மாற்ற 35,000 ஆயிற்று. கொடுத்த முன்பணம் 1 லட்சத்தில் 40,000 மட்டும் மாதக்கணக்கில் அலைந்து, தவணை தவணையாகத் திரும்பியது. அச்சான அழைப்பிதழ்களில் புதிய முகவரியை ஒட்டுத்தாளாக அடித்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். பெண்ணின் பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, பசை தடவிய தாளைக் கோணாமல் ஒட்டிக்கொண்டே, "கல்யாணம் என்றால் ஒரு தடங்கல் வந்து போகத்தான் செய்யும், விடும்மா" என்றார். அந்த வீட்டில் அன்று என்னிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளவின் நான்கு பக்க ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்கிற மழை முழுவதும் நடு வாசலுக்கு, அதாவது திறந்த முற்றத்துக்கு, வந்து சேர வேண்டும் என்றே கட்டியிருக்கிறார்கள். அந்த வாசலில் மணமேடை போட்டுவிட்டு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினால், நான்கு கூரைத் தண்ணீரும் அந்தத் தார்ப்பாயில் குளமாகத் தேங்கும். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பெய்தது. தார்ப்பாயின் வயிறு தொங்கித் தொங்கி, ஒரு மூலை அவிழ்ந்து, மொத்தமும் மேடையில் கொட்டியது. பூ அலங்காரத்தில் பாதியை விடிவதற்குள் மறுபடி செய்தோம். வடகிழக்குப் பருவமழை இங்கே ஐப்பசி கார்த்திகையில்தான். அந்த மாதங்களில் வேலை எடுத்தால் மேடையை வளவின் ஓரத்துத் தாழ்வாரத்தில் போடுங்கள். வாசலை மூடியே ஆக வேண்டும் என்றால், கூரை மட்டத்துக்கு மேலே தனிக் குழாய்ச் சட்டம் நிறுத்தித் தகரம் போட்டு, தண்ணீர் வெளியே விழுகிற மாதிரி சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். மரத் தூணில் கயிறு கட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவரில் ஒட்டுநாடா ஒட்டினால், உரிக்கும்போது மெருகும் கூடவே வரும். மின்சாரமும் அப்படித்தான். பழைய கம்பிகளை நம்பிச் சீரியல் விளக்கும் ஏர் கூலரும் கிரைண்டரும் போடாதீர்கள். வீட்டு விளக்குகள் மட்டும் வீட்டு இணைப்பில் எரியட்டும், மற்றதெல்லாம் ஜெனரேட்டரில். டீசல் யார் கணக்கு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளையின் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கிற பொறுப்பு உங்களுடையதாக இருக்கக் கூடாது, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசி அடி ஒரு கறையால் விழுந்தது. ஆரத்தி எடுத்த தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்திருக்கும் அல்லவா, தட்டை யாரோ முகப்புத் தரையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்டில் வார்த்தது, சூளையில் சுட்டதல்ல. எண்ணெயையும் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம். வீட்டுக்காரர் குனிந்து கைப்பேசியில் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்கள் பெண்ணின் அப்பாவுக்குப் போயின. மழையில் நனைந்த மேடை, கல்லில் கறை, இரண்டையும் சொல்லி எனக்குத் தர வேண்டிய கடைசித் தொகையில் 90,000-ஐ நிறுத்திக்கொண்டார். அந்தப் பணம் எனக்கு வரவேயில்லை. அதில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு போயிற்று என்பதும் தெரியாது. இப்போதெல்லாம் வீட்டை வாங்கும்போதும் ஒப்படைக்கும்போதும் உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு தரை, சுவர், தூண், கண்ணாடி எல்லாவற்றையும் காணொளியாக எடுக்கிறேன். ஆரத்தியும் நலங்கும் நடக்கிற இடத்தில் தடித்த விரிப்பு போடாமல் எதையும் தொடங்க விடுவதில்லை.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். திரும்பாத முன்பணம் 60,000, கூடுதல் வாடகை 75,000, பந்தல் மாற்றம் 35,000, நிறுத்திய தொகை 90,000. மொத்தம் 2,60,000. வக்கீலிடம் போனேன். வழக்குப் போடலாம், ஆனால் ஒரு பக்க ஒப்பந்தத்தை வைத்து எதை நிரூபிப்பது என்று அவரே கேட்டார். நிகழ்ச்சி ரத்தானாலோ இடம் மாறினாலோ யார் எவ்வளவு தர வேண்டும் என்று முன்பே எழுதிவைத்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு கேட்கலாம் என்று விளக்கினார். அதன்பிறகு என் ஒப்பந்தம் ஆறு பக்கம். பணமும் படிப்படியாக வருகிறது. உறுதி செய்யும்போது 40 சதவீதம், ஒரு மாதம் முன்பு 40, முகூர்த்த வாரத்தில் 15. கல்யாணம் முடிந்த பிறகு வர வேண்டியது 5 சதவீதம் மட்டுமே. முகூர்த்தம் முடிந்த மறுநாள் உங்களுக்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. நல்லவர்களுக்கும் வராது.

முழுப் பணத்தையும் உங்கள் கணக்கு வழியாக ஓடவிடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், நிகழ்ச்சி ஏற்பாட்டுக்கு 18 சதவீதம் வரி. 16 லட்சக் கல்யாணத்தை உங்கள் பெயரில் ரசீது போட்டால், உங்கள் கைக்கு நின்றது 1,60,000 என்றாலும் வரவுக் கணக்கில் ஏறுவது 16 லட்சம். இரண்டாவது கல்யாணத்திலேயே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். அதனால் வீட்டு வாடகை, சமையல், நகை வாடகை போன்ற பெரிய தொகைகளை வாடிக்கையாளரே நேரடியாக அவரவருக்குச் செலுத்தச் சொல்கிறேன். என் ரசீது என் கூலிக்கு மட்டும். ஆடிட்டர் ஒருவரை முதல் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சமையல்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சமையல்காரர்கள் கெட்டிக்காரர்கள், இலைக் கணக்கில் அதைவிடக் கெட்டிக்காரர்கள். இலைக்கு இவ்வளவு என்று பேசினால், கட்டு பிரிக்கும்போதே எண்ணி எழுதி, கடைசிப் பந்தி முடிந்ததும் மீதி இலையை எண்ணிக் கழிக்க வேண்டும். அதற்கென்று நம்பகமான ஒருவரை நிறுத்துங்கள். வேறு வேலை அவருக்குக் கொடுக்காதீர்கள். பூவுக்கு மதுரை மாட்டுத்தாவணியை நம்பித்தான் இருக்கிறோம். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்று வியாபாரிக்கே தெரியாது. எனவே பூவை மட்டும் மொத்த ஒப்பந்தத்தில் சேர்க்காமல், அன்றைய விலை, இந்த எல்லைக்கு மேல் போனால் மல்லிகைக்குப் பதில் சம்பங்கி என்று எழுதிக்கொள்கிறேன். நள்ளிரவில் பூ வண்டிக்காகச் சாலையோரம் காத்து நிற்கிற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியை என் அம்மா இன்றும் கேட்கிறார். வண்டியை வீட்டு வாசலுக்கே வரச் சொல்லக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நகரத்தார் வீட்டுக் கல்யாணம் கிடைத்தால் அது வேறு உலகம். முதல் முறை நான் நிமிடக் கணக்கில் ஓர் அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பெண் வீட்டு ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "எல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய் ஆத்தா. கோவில் மாலை எப்போது வரும்? இசைகுடிமானம் எழுதுகிறவர் எங்கே உட்காருவார்? மொய்ப்பணம் எழுத மேசை போட்டாயா?" என்று கேட்டார். இசைகுடிமானம் என்பது கல்யாணத்தை எழுதிவைக்கிற பதிவு. எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. புகைப்படக்காரருக்கு ஒதுக்கிய நேரம் மட்டும் தெளிவாக இருந்தது. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் படம் எடுக்கிறவர்கள் மணமக்களை மறைத்து நிற்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். ஊருக்கு ஊர், கோவிலுக்குக் கோவில் வழக்கம் மாறும். அந்தந்த வீட்டுப் பெரியவரோடு ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே இப்போது அட்டவணை போடுகிறேன். சடங்கு அவர்களுடையது. நேரத்துக்குக் காபி, மேளக்காரருக்குச் சாப்பாடு, வெளியூர்க்காரர்களுக்கு வண்டி, இவை என்னுடையவை.

வருமானம் வராத மாதங்களுக்கும் திட்டம் வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆண்டில் மூன்று மாதம் கடை காற்று வாங்கும் என்று வைத்துத்தான் கூலியைத் தீர்மானிக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தது அறுபதாம் கல்யாணம். இங்கே சாந்தி என்பார்கள். அது பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்துச் செய்வது என்பதால் மார்கழியில் பிறந்தவருக்கு மார்கழியிலேயே வரும். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், செய்கிற செலவுக்குத் தயங்குவதில்லை, ஓடியாடிச் செய்யத்தான் ஆள் இல்லை. அதனால் இப்போது 58, 59 வயதுக்காரர்களின் பிறந்த மாதங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த மார்கழிக்கு இரண்டு சாந்தி உறுதியாகியிருக்கிறது. கல்யாண மாதத்தில் மூன்று முறை கூப்பிட்டால்தான் பேசுகிற சமையல்காரர், அதற்கு அவராகவே அழைத்து நாள் கேட்டார், இலைக்குப் பத்து ரூபாய் குறைத்தும் தருகிறாராம்.